சேதம்: ஒரு துளை

புதுவயல் கிளை நூலகம். செவ்வாய், கரண்ட் இல்லை.
மூன்றாவது பீரோவிலிருந்து
சிறுவர் நாவல் ஒன்றை உருவி வந்தாள்
ஆறாம் வகுப்பு அடைக்கம்மை.

இராமபாணம் தின்ற புத்தகம்.
அட்டையில் நுழைந்த பூச்சி
அரண்மனை, அகழி, அரசனின் மூக்கு என
நேராகத் துளைத்துப் போயிருந்தது.

"வேற எடு" என்றேன்.
"சார், உள்ளேருந்து காத்து வருது."

சுண்டுவிரலை விட்டாள்.
முதல் கணு. இரண்டாம் கணு.
புத்தகமோ அரை அங்குலத் தடிமன்.
விரல் மறுபுறம் வரவில்லை.

எடுத்தபோது நகத்தில் ஈரம்,
நக்கிப் பார்த்து, உப்பு என்றாள்.
எங்கள் ஊரில் அரிசி ஆலைத் தவிடு பறக்கும்,
கடல் கிடையாது.

பதினான்கு நாள் தவணை.
முப்பதாம் நாள் வந்தாள்,
அபராதச் சில்லறையோடு,
கணுக்கால்வரை மணலோடு.
"படிச்சு முடிச்சியா?"
"இல்ல சார், அவங்க இன்னும் முடிக்கல."

புரட்டினேன். துளையைக் காணோம்.
அரசனுக்கு மூக்கு முளைத்திருந்தது,
சற்றே கோணலாக.
கடைசிப் பக்கத்துக்குப் பின்னால்
எண் போடாத ஒரு பக்கம், மை காயாமல்.

பதிவேட்டில் 'சேதம்' என்றொரு கட்டம் உண்டு.
'கூடுதல்' என்று இல்லை.
பேனாவை மூடிவிட்டு
மறுதவணை முத்திரை குத்தினேன்.
விரலை முகர்ந்துகொண்டே
ஆலைப் பக்கமாகப் போனாள்.