உறுதி

ஐலியின் மகன் கல்கரியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான்.
அம்மாவின் வீட்டை விற்கப் போகிறார்களாம்.
ஒக்டோபர் முப்பத்தொன்று வரை முதல் உரிமை உங்களுக்கு,
அதன் பிறகு வாசலில் பலகை நடுவோம்.
கீழே ஒரு தொகை.
குகதாசன் அதை மூன்று தரம் வாசித்தார்,
ஒவ்வொரு தரமும் ஒரு பூச்சியம் குறையும் என்பதுபோல.

நோலாலுவில் எங்கள் தெருவுக்கு விளக்கு இல்லை.
தெரு என்பதே ஒரு மரியாதைக்குத்தான்.
தண்டர் பேயிலிருந்து ஐம்பது நிமிடம்,
பனி கொட்டினால் அது விட்ட நேரம்.
கிணற்றுத் தண்ணீரில் அவித்த முட்டை மணக்கும்,
பருப்புக்கு இரண்டு விசில் கூட வேண்டும்.
ஆறு வருடம் குறை சொல்லிச் சொல்லியே குடித்தோம்.

வாடகை என்பது வேறென்ன,
மாதம் தொள்ளாயிரத்தைம்பது டொலருக்கு
குறை கேட்க ஓர் ஆள்.
குழாய் உறைந்தால் ஐலி.
புகைபோக்கிக்குள் அணில் செத்தால் ஐலி.
வாங்கிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?
நான் குகதாசனை,
குகதாசன் என்னை.

வீடு பார்த்துச் சொல்கிறவன் வந்தான்.
தரைக்கடியில் ஊர்ந்துபோய்
தலைமுடியில் சிலந்திவலையோடு வெளியே வந்தான்.
வடக்கு மூலை ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்றான்,
வருத்தமான செய்தி சொல்லும் குரலில்.
குசினியில் தோடம்பழம் விழுந்தால்
மிதுரன் குனிந்து தேடுவதில்லை,
நேரே வடக்குச் சுவருக்குப் போய் எடுத்து வருவான்.
இதற்கா நானூறு டொலர்?

ஸ்காபரோவிலிருந்து மச்சான்:
"காட்டுக்குள்ள காசைப் புதைக்கப் போறியளோ?
அந்தக் காசுக்கு இங்க கார் விடுற இடமும் வராது,
ஆனா வாங்கினால் விலை ஏறும்."

இரவு மின்சார பில்லின் பின்பக்கம்
நடுவே கோடு கிழித்து எழுதினோம்.
வேண்டாம் என்ற பக்கம் விறுவிறென்று நிறைந்தது:
கூரை, பள்ளிக்கூட பஸ், என் இரவு வேலை,
ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்.
மற்றப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது.
காலையில் பார்த்தால்
யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்கள்:
நரி.
அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை.
மாமியாரின் வலிகாமத்துக் காணி உறுதி,
நொத்தாரிசு கையெழுத்து, நான்கு எல்லை,
கிழக்கே ஒழுங்கை, வடக்கே கந்தப்பு வளவு.
வீடு நின்ற இடத்தில் இப்போது
ஆமிக்காரர் பந்தடிக்கிறார்கள் என்று கேள்வி.
"அங்க உறுதி இருக்குது, வீடு இல்லை.
இங்க வீடு இருக்குது, உறுதி இல்லை"
என்று குகதாசன் சொல்லித் தானே சிரித்தார்.
பிறகு சிரித்ததற்குத் தண்டம்போல
எழும்பிப் போய் அடுப்புக்கு விறகு வைத்தார்.

வங்கிக்குக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை வேண்டுமாம்.
நாள் முழுக்க மற்றவர் இரத்தம் சோதிக்கிற எனக்கு
அந்தக் கடித உறையைப் பிரிக்க விரல் நடுங்கியது.
கிருமி: பூச்சியம்.
ஒரு பூச்சியம் இவ்வளவு இனிக்குமா?

பிறகு மலக்குழியின் மூடி எங்கே என்று கேட்டார்கள்.
ஐலியைக் கூப்பிட்டேன்.
எண்பத்தெட்டு வயது, இப்போது ஆறாம் மாடியில்.
"பிளம்ஸ் மரத்திலிருந்து நாலு எட்டு, கிணற்றைப் பார்த்து.
உன் எட்டு இல்லை, என் எட்டு.
வெள்ளி இரவு பனி வருகிறது,
முதலே ஒரு தடி நட்டு வை,
இல்லாவிட்டால் சித்திரை வரை தேடுவாய்."
வாங்குகிறாயா என்று கேட்கவேயில்லை.

அவள் நடை எனக்குத் தெரியும்.
மரத்தடியில் நின்று,
இடது காலைக் கொஞ்சம் இழுத்து
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
மண்வெட்டி ணங் என்றது.

மிதுரனின் முறிந்த ஹொக்கி மட்டையை நட்டேன்,
நுனியில் சிவப்புத் துணி.
மேல்மண் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது.

யன்னலைத் திறந்து குகதாசன்,
"என்னப்பா, அப்ப முடிவெடுத்திட்டமோ?"

"மூடி இங்க இருக்குது எண்டுதான் நட்டனான்."

அவர் சப்பாத்தும் போடாமல் வெளியே வந்தார்.
மட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
சுத்தியலை என்னிடமிருந்து வாங்கி
இன்னும் இரண்டு அடி அடித்தார்.