எழுத விட்டுப்போன வரி

ஐயா, முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.
இது என் மூளையில் உதித்த சதியல்ல.
சக்கராப்பள்ளி ஜியாவுதீன் கடையில்
அறுநூற்றுப் பன்னிரண்டு கருவிகள்
விலைபோகாமல் கிடந்தன.
உள்ளங்கை அகலம், ஐந்து பொத்தான்,
உள்ளே ஒன்றுமே இல்லை.
"தையல்நாயகி, எதையாவது போட்டுக் கொடும்மா,
ஆடிப்பெருக்குக்குள்ள தள்ளிவிட்டுடலாம்" என்றார்.

திரைக்குத் தெரிந்தது நாலே நிறம்.
நாலும் சாம்பல்.
பச்சை தராது, ஆகவே வயல் இல்லை.
நீலம் தராது, ஆகவே தண்ணீர் இல்லை.
கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு எதிர்மாடியில்
சாலிடர் புகை கண்ணைக் கரிக்க
நாலு சாம்பலில் என்னதான் இருக்கிறது இந்தச் சீமையில் என்று
பத்து நாள் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒரு சாயங்காலம்
அணைக்கரைப் பாலத்தில் பஸ் நின்றது.
சித்திரை மாதம்.
கீழே கொள்ளிடம்
கரையிலிருந்து கரைவரை
என் திரையின் நிறத்தில் கிடந்தது.

லாரி வந்தது, செவ்வகம் வரைவது சுலபம் என்பதால்.
பதினொரு புள்ளி நீளம், ஆறு புள்ளி உயரம்.
இரவு வந்தது, கறுப்புக்கு இடச்செலவில்லை என்பதால்.
காவலர் இரண்டே புள்ளி, விட்டுவிட்டு மினுங்குவார்.
மூன்றாம் பொத்தானை அழுத்தினால்
உங்கள் கணக்கில் பத்து குறையும்,
அவர் வேறு பக்கம் பார்ப்பார்.
அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
வாங்கிய பிள்ளைகள் வைத்தார்கள்.
அந்தப் பெயர் இந்த வாக்குமூலத்தில் வேண்டாம்.

ஆடி பதினெட்டுக்கு முன்பே எல்லாம் தீர்ந்தது.
காட்டுமன்னார்கோவில் பஸ்ஸில்
கண்டக்டர் சில்லறையை மறந்தார்.
திருப்பனந்தாளில் ஒரு தலைமையாசிரியர்
பதினேழு கருவிகளைப் பிடுங்கி
வாளித் தண்ணீரில் போட்டார்.
லாரி உரிமையாளர்கள் மானம் போனதென்றார்கள்.
எனக்குப் பொன்னாடை போர்த்திய அதே சங்கம்
மறுவாரம், திருடக் கற்றுக்கொடுக்கிறாள் என்று
மனுக் கொடுத்தது.
ஒரே சுவரில் இரண்டு போஸ்டர்.
இரண்டிலும் அதே போட்டோ,
என் ரேஷன் கார்டு போட்டோ.

இப்போது குழி விஷயம்.
ஒரு கட்டம் முடிந்து அடுத்தது போனால்
மணல் திரும்ப நிரம்பியிருக்க வேண்டும்.
எல்லா விளையாட்டும் அப்படித்தான்,
தின்றது முளைக்கும், செத்தவன் எழுவான்.
அந்த ஒரு வரியை
எழுத விட்டுப்போயிற்று.
அள்ளிய குழி அள்ளிய இடத்திலேயே நின்றது.
ஏழாம் கட்டத்தில் பாலத்தூணின் பாதம் தெரியும்.
ஒன்பதில் லாரி தானே கவிழும்.
பத்தாவது கட்டம் உண்டு,
யாரும் பார்த்ததில்லை.
எதிர்ப்புக் குரல் என்றது ஒரு பத்திரிகை.
தேசவிரோதம் என்றது இன்னொன்று.
ஐயா, அது வெறும் பிழை.

சரிசெய்யச் சொல்லி வந்தவர் ஒருவர்தான்.
நீலத்தநல்லூர் வடிவழகன், டிரைவர்.
லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:
"பின்னால போற பொத்தான் ஒண்ணு வைங்க.
கொட்டிட்டு வந்துடுறேன்."

இரண்டு ராத்திரி பார்த்தேன்.
உள்ளே இடமில்லை. பன்னிரண்டு பைட்டு வேண்டும்.
காவலரை எடுத்தால் நாலு மிச்சம்.
இரவை எடுத்தால் ஒன்றும் மிச்சமில்லை.
சரியாகப் பன்னிரண்டு பிடித்திருந்தது
மேல் மூலையில் ஓடுகிற எண்ணிக்கை மட்டும்.
எண்ணிக்கை இல்லாததை
எவன் காசு கொடுத்து வாங்குவான்?

உங்கள் கணக்கில்
ஒரு கருவிக்கு பில் இல்லை என்கிறீர்கள்.
உண்மைதான்.
அறுநூற்றுப் பதினொன்றுக்கும் வரி கட்டியாயிற்று.
பன்னிரண்டாவது வடிவழகனிடம் இருக்கிறது.
அதில் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை.
லாரி வருகிறது, கொட்டுகிறது, போகிறது.
பொழுது மட்டும் விடிவதில்லை,
அதற்கு என்னிடம் நிறம் இல்லை.
அதை நான் விற்கவில்லை ஐயா.
வரி எதுவும் வராது என்று நினைக்கிறேன்.