ஏழாம் கேள்வி

சம்மாந்துறை நெல் ஆலையில்
ஒரு மூட்டையைத் தராசில் வைக்கச் சொன்னேன்.
எழுபத்தாறு கிலோ.
சுற்றறிக்கையில் ஐம்பது.
அது கந்தோர்ச் சுவரில்
சட்டமிட்டுத் தொங்கியது,
கண்ணாடி முழுக்க உமித்தூசி.

உதுமாலெப்பைக்கு நாற்பத்தொன்று.
நின்றுகொண்டே பதில் சொன்னார்,
இருந்தால் ஒழும்ப ஏலாதாம்.

ஏழாம் கேள்வி: விபத்து நடந்த திகதி.

"விபத்தொண்டும் நடக்கல்லயே மிஸ்.
மூட்டையும் விழல்ல, நானும் விழல்ல.
கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

கொஞ்சத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.
வெறுமையாக விட்டால்
கொழும்பிலிருந்து திரும்பி வரும்.

லொறியொன்று பின்பக்கமாக வந்து நின்றது.
அதைப் பார்த்தபடியே சொன்னார்:
"பள்ளியில கதிரை கேட்ட நாள் தெரியும்.
சுஜூதுக்குக் குனிய ஏலல்ல.
வயசாளிகளோட கடைசி ஸப்புல போய் இருந்தன்.
நோன்புல முதல் வெள்ளி."

கலண்டரைப் புரட்டி எழுதினேன்:
மார்ச் ஏழு.

எதையாவது கேட்கவேண்டுமே என்று
கதிரை வசதியா என்றேன்.

"நல்ல கதிரை மிஸ்.
எங்கட முதலாளி குடுத்த.
முதுகில அவர்ர பேர் அடிச்சிரிக்கி."