காசு குட்டி போட்ட தொழுவம்

பசுவை விற்ற பணத்தில்தான் வாங்கினேன்,
ஒன்பது இயந்திரங்கள்.
அவள் முகம் புதைத்துத் தின்ற மரத்தொட்டியின் மேலேயே
அடுக்கி வைத்தேன்.
சுவனேதி மலையில் எங்கள் ஊருக்கு
அன்று மின்சாரம் இலவசம்.
சும்மா கிடைப்பதிலிருந்து காசு என்றால்
யாருக்குக் கசக்கும்?

நான்கு குளிர்காலம்.
ஊர்க் கூரைகளில் எல்லாம் ஆளுயரப் பனி.
என் தொழுவத்தின் தகரம் மட்டும்
கறுப்பாய், ஈரமாய்.
தெருப் பூனைகள் அத்தனையும் அங்கேதான் குட்டி போட்டன.
காசும் போட்டது, பொய் சொல்ல மாட்டேன்.
நடுராத்திரியில் எழுந்து கைப்பேசியில் விலை பார்ப்பேன்:
ஆனை விலை.
விடிந்தால் ஆட்டு விலை.
இடையில் நான் செய்தது ஒன்றுமில்லை,
மின்விசிறிகளின் இரைச்சலுக்குக் காவல் இருந்தேன்.

மாலை ஏழுக்கு ஊர் விளக்குகள் சிவந்து சுருங்கும்.
மருந்தகத்துச் செவிலி எதேரி வந்து நிற்பாள்.
"அப்படி என்னதான் செய்கிறது பிமுர்சா, உன் மந்தை?"
"ஒரு எண்ணைத் தேடுகிறது."
"எதற்கு?"
"தேடினோம் என்பதற்குச் சான்றாக."
அவள் சிரிக்கவில்லை.
"என் தடுப்பூசிகளும் ஒரு எண்ணைத்தான் தேடுகின்றன.
எட்டு டிகிரிக்குக் கீழே."

செப்டம்பர் கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
மூன்று இரவு இருட்டு.
யாரும் திட்டவில்லை.
தேவாலயம் போகிறவர்கள்
என் வாசலைத் தாண்டும் வரை பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்,
அவ்வளவுதான்.
பூனைகள் வெளியேறின.

மூன்றாம் நாள் கதவைத் தட்டியவன் போலந்துக்காரன்.
ஒரு காலில் பூட்ஸ்,
மறுகாலில் வாயைப் பிளந்த பூட்ஸ்.
பசுவின் கழுத்துவார் ஆணியில் தொங்கியது.
அறுத்து, நனைத்து,
சாக்குத் தைக்கும் ஊசியால் அடியைச் சேர்த்துத் தைத்தேன்.
இரண்டு முறை விரலில் ஏற்றிக்கொண்டேன்.
இரண்டு மணி நேரம் அவன் என் வாசல் கல்லில் உட்கார்ந்து
ஒற்றைக் காலுறையோடு வெயில் காய்ந்தான்.

பணம் எடுக்கும் இயந்திரமும் செத்துக் கிடந்தது.
"இங்கே விளைவதே இதுதானாமே" என்று
கைப்பேசியை நீட்டினான்.
வேனின் பாட்டரியில் என்னுடையதை உயிர்ப்பித்தேன்.
வந்தது:
புள்ளிக்குப் பின் மூன்று சுழி, அப்புறம் ஒரு மூன்று.

என் வாலட்டில் அதைவிடப் பெரியவை எத்தனையோ உண்டு.
ஒன்றுக்கும் ஊர் தெரியாது, பேர் தெரியாது.
இதற்கு மட்டும் கால் அளவு தெரியும்.
நாற்பத்து நான்கு.
கறந்த பால் மடி ஏறாது;
அந்தச் சங்கிலியும் அப்படித்தான், எழுதினால் எழுதியதுதான்.
அதன் ஏதோ ஒரு கண்ணியில்
கோணலாய் ஓடிய என் தையல் இருக்கிறது.

ஆறு இயந்திரங்களை விற்று
டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்தேன்.
மூன்று இருக்கின்றன, மறைக்கவில்லை.
மேலே கம்பி கட்டி
எதேரியின் காளான்களைக் காயப் போட்டிருக்கிறோம்.
பாதி கருகிவிட்டது.

அவன் கிளம்பிய இரவே விலை பாதியாய் விழுந்தது.
பழக்கத்தில் எழுந்து பார்த்தேன்.
பூட்ஸுக்கு அது தெரியாது.
அந்நேரம் அது
கணவாயின் சரளையில் ஏறிக்கொண்டிருந்திருக்கும்.