நூற்று எண்பத்து நான்கு டிகிரி

சோறு பாதியில் நின்றது.
பிளக்கைப் பிடுங்கி, ஆறும்வரை பொறுத்து
குக்கரைக் கவிழ்த்தேன்.
பழுப்பேறிய உறைக்குள் ஒரு ஃபியூஸ்,
பாஸ்மதி அரிசியைவிடச் சற்றுப் பருமன்.

"ஒயரை நேராக முறுக்கிவிடு, ஓடும்"
என்றார் எதிர்வீட்டு மர்ஸூக்கி.
ஓடும்தான்.
ஈசூனில், பன்னிரண்டாம் மாடியில்,
நிற்கவேண்டிய நேரத்திலும் ஓடும்.

சிம் லிம் டவரில் இரண்டு வாங்கினேன்.
முதலாவதற்கு ஈயம் பற்றவைத்தேன்;
அந்தச் சூட்டிலேயே செத்தது.
சூடு கண்டால் சாவதுதானே
அதன் உத்தியோகம், மடச்சி.

இரண்டாவதை இடுக்கியால் நசுக்கி இணைத்து,
மீட்டர் வைத்துப் பார்த்து,
மூடினால்
ஒரு திருகாணி மிச்சம்.
மறுபடி கவிழ்த்தேன்.

பத்தரை மணிக்குச் சோறு.
உப்புக் கிண்ணத்தருகே பழைய ஃபியூஸ்.
புகையில்லை, சத்தமில்லை.
பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது
அது போயிருக்கிறது.