சரக்கு: காலி

இரவு எட்டு பத்து.
பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
ஆந்திரா நம்பர், மினி லாரி, சரக்கு: காலி.
எங்கேயிருந்து, எங்கே, யார் பேருக்கு, பில் எங்கே,
பின்கதவைத் திற.
பதினொரு வருஷமாய் ஊத்துக்கோட்டைச் சோதனைச் சாவடியில்
தக்காளிக் கூடைக்கு அடியிலும்
கைவிட்டுப் பார்க்கிறவன் நான்.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் செல்போன் துடித்தது.
பிச்சாட்டூர் ஏரி உடைஞ்சிடுச்சு, இப்பத்தான், என்று
நாற்பது வினாடி வீடியோ.
செம்மண் நிறத்தில் தண்ணீர்,
அதில் உருண்டு போகும் ஒரு மாட்டுக் கொட்டகை,
மேலே ஒரு பெண் குரல்:
"ஆத்தோரம் இருக்கறவங்க ஒடனே கெளம்புங்க."
கடைசியில் கைகூப்பும் பொம்மைகள் மூன்று.

பில் கேட்கவில்லை.
கட்டைவிரலால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி
நான்கு குழுக்களுக்குள் விட்டேன்.
நல்லது செய்கிற அவசரம்.
வெளியே ஐப்பசி மழை வேறு.

காலனியில் டார்ச் வெளிச்சங்கள் அலைந்தன.
தேசம்மா கைப்பிள்ளையை எடுத்தாள், ரேஷன் கார்டை எடுத்தாள்.
ஒன்பது ஆட்டை எந்தக் கையால் எடுப்பாள்?
தரைப்பாலத்து முனையில் ஒரு லாரி
அவளுக்காகவே நின்றது போல நின்றது.
"தண்ணியில போறதுக்கு எனக்குக் குடும்மா."
உருப்படி ஆயிரத்து இருநூறு.
அந்த வாரச் சந்தையில் ஏழாயிரம்.

பத்தரைக்குத் திரும்பி வந்தது.
எழுதினேன். சரக்கு: ஆடு, நாற்பத்தொன்று.
எண்ணியும் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது.

விடிந்தபோது ஆரணியாற்றில் முழங்கால் தண்ணீர்.
ஏரி இருந்த இடத்தில் இருந்தது.
டீக்கடையில் ஜெயராமுலு வீடியோவைக் காதருகே வைத்தான்.
"அந்தப் பொம்பளைக்குப் பின்னாடி கத்தறாங்களே,
அது தமிழும் இல்ல, தெலுங்கும் இல்ல.
ரெண்டும் பேசற ஊருக்கு இது கேக்கலையா?"
பிறகு திரையை என் பக்கம் திருப்பினான்.
கொட்டகையின் நிழல் தண்ணீர்மேல் நீளமாய்க் கிடந்தது.
இரவு ஒன்பது மணி வெள்ளத்தில்
வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நவம்பர் ஒன்று, கிராம சபை.
குடிநீர், தெருவிளக்கு, நூறுநாள் வேலை எல்லாம் முடிந்து
டீ வருகிற நேரத்தில் தேசம்மா எழுந்தாள்.
"அந்த மெசேஜை யாரு அனுப்புனது?"
நூற்றுப் பத்துப் பேர்.
அத்தனை பேரும் தத்தம் செருப்பைப் பார்த்தோம்.

பதிவேட்டின் நகலை எடுத்துப் போயிருந்தேன்.
எட்டு பத்துக்குக் காலி வண்டி.
செய்தி வந்தது எட்டு ஐம்பத்தைந்துக்கு.
வெள்ளத்துக்கு முன்னாலேயே ஆடு ஏற்ற வந்த லாரி.
நம்பரைச் சத்தமாய் வாசித்தேன்.
கை தட்டுவார்கள் என்றுகூட, வெட்கமில்லாமல், ஒரு கணம்.

அவள் தட்டவில்லை.
"இது அன்னைக்கு ராத்திரியே
உன் கையிலதான இருந்துச்சு?"

ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தின் மேல்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
எழுதுங்க, என்றேன்.
அனுப்பியவர், ம. கஜபதி. நேரம், எட்டு ஐம்பத்தாறு.
"அப்புறம்?"
திறந்து பாக்கலன்னு போடுங்க.