உலை வாய்

நியூகாசில். ஜூலை. விடியாத ஐந்து மணி.
லெனக்ஸ்டனில் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில்
நானும் இரண்டு வாட்ச்மேன்களும்.
டிரைவர் எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறார்,
கதவைத் திறக்கிறார்,
உறைபனியை ஏற்றிக்கொண்டு மூடுகிறார்.

பதினெட்டு வருடமாக என் வேலை
ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது.
ஆயிரத்து ஐந்நூறு.
ஏறினாலும் கத்த வேண்டும்
இறங்கினாலும் கத்த வேண்டும்.

கற்றுக்கொள்ள என்று ஒருமுறை
பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள், ஆறு வாரம்.
மியூஸ் நதிக்கரையில் நின்றாள்
எங்கள் உலையின் அக்கா.
டிடியே அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினான்:
இவளுக்குக் குளிர் மட்டும் ஆகாது.
ஊர்ச் சுவரெல்லாம் அப்போதே போஸ்டர்.
என்ன எழுதியிருக்கிறது?
‘எங்கள் இரும்பு.’
யாரிடம் சொல்கிறீர்கள்?
தோளைக் குலுக்கினான்.
முதலாளியிடம். விலாசம் மாறிக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு படம் அனுப்பினான்.
வெடி வைத்து, அக்கா முழங்கால் மடங்கி
புழுதிக்குள் உட்காரும் நொடி.
கீழே ஒரு வரி:
உங்களுடையவள் எப்படி?

எங்களுடையவள் கூட்டங்களில் இருந்தாள்.
பழைய இரும்பை உருக்குகிறவனுக்குச் சலுகை,
மண்ணிலிருந்து எடுக்கிறவனுக்கு முழுவிலை மின்சாரம்.
ரயில் வரவில்லை என்றது கம்பெனி,
சரக்கு எங்கே என்றது ரயில்.
டர்பனில் இறங்கிய அயல்நாட்டுக் கம்பி
எங்கள் கரியின் விலைக்கும் கீழே.
தலைநகரிலிருந்து வந்தவர்
மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
ஆறு மாதம் வாங்கித் தந்தார்.
ஹெல்மெட்டைத் திருப்பித் தரவில்லை.
ஸ்டோர்ஸ் கணக்கில் இன்னும் நிற்கிறது அது.

கடைசியாக வடித்தது ஒரு புரட்டாசிச் சனி.
எல்லாம் வடியாது.
அடியில் முந்நூறு டன்னாவது தங்கி
உலையின் வடிவிலேயே உறையும்.
ஐரோப்பாவில் அதற்குப்
பல்லி ஜாதிப் பிராணி ஒன்றின் பெயர்,
தீயில் வாழுமாம்.
ம்தெத்வா சிரித்தான்:
தீயில் வாழ்ந்தது நாம்.
இது வெறும் மிச்சம்.

திரையில் ஆயிரத்து நானூறு.
பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது.
ஆயிரத்து நூறு.
எண்ணூற்று அறுபது.
கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.
யாரும் ஓடி வரவில்லை,
எல்லோரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

உலை வாயை மூடினாலும்
ஊர் வாயை மூட முடியாதாம்.
சொன்னவரை அலன் தெருவுக்குக் கூட்டி வாருங்கள்.
பூட்ஸ் கடை மூடல்.
போல்ட்டும் நட்டும் விற்ற செட்டி, மூடல்.
மட்டன் கறி பன்னிச்சாவ் கடையில்
அரை ரொட்டி கால் ரொட்டியாகி
இப்போது கேட்டால்
‘பார்த்துச் சொல்றேன்’ என்கிறார்கள்.
வம்பு பேசக்கூட
வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள்.
பராமரிப்பு என்று பெயர்.
அறையில் ஹீட்டர் இல்லை,
பதினெட்டு வருடம் அது தேவைப்பட்டதில்லை.
கம்பளிக்குள் கையை விட்டபடி பார்க்கிறேன்.
உலை: நான்கு டிகிரி.
வெளியே: நான்கு.

திரையைப் படம் எடுத்து
டிடியேவுக்கு அனுப்பினேன்.
தூங்குவான் என்று நினைத்தேன்.
உடனே பதில்:

இங்கே பதினாறு.
விடிந்துவிட்டது.